பெங்களூரு டு சான் பிரான்சிஸ்கோ: அப்பா அம்மாவை அனுப்பறவங்களுக்கு தூரம், நேரம், டாக்குமெண்ட், செலவு எல்லாம்

தங்கச்சி சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல சன்னிவேல்ல இருக்கா, நான் இங்க பெங்களூரு பானஸ்வாடில. அப்பா அம்மா சேலத்துல. அவங்க ரெண்டு பேரையும் மொதல் தடவை அமெரிக்கா அனுப்பற வேலை மொத்தமும் என் தலைல விழுந்துச்சு. டிக்கெட் தேட உக்காந்தா ஒரு இடத்துல 17 மணி நேரம்னு போட்டிருக்கும், இன்னொரு இடத்துல 22, இன்னொண்ணுல 38, எது நிஜம்னே புரியாது. யாரைக் கேட்டாலும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அதனால நான் அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டதை வரிசையா எழுதி வெச்சுடறேன், மொதல் தடவை அனுப்பறவங்க இதைப் படிச்சுட்டு ஆரம்பிச்சா பாதி டென்ஷன் குறையும்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். விமானம் எத்தனை மணி நேரம் பறக்குதுங்கறது உங்களுக்கு முக்கியமே இல்ல. உங்க வீட்டு வாசல்ல செருப்பு போட்டதுல இருந்து அங்க அவங்க வீட்டு வாசல்ல செருப்பு கழட்டற வரைக்கும் எத்தனை மணி நேரம், அதுதான் கணக்கு. இந்த ஊர்ல இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நடுவுல ஒரு இடத்துல மாறிப் போனா அது சுமாரா 30 மணி நேரம் ஆகும், அதை மனசுல வெச்சுட்டு கீழ படிங்க.

1. தூரத்தைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீங்க

பெங்களூரு டு சான் பிரான்சிஸ்கோ நேர்கோட்டுல சுமாரா 14,000 கிலோமீட்டர். வரைபடத்துல பார்த்தா மேற்கால போகணும் போல இருக்கும், ஆனா ஒரு உலக உருண்டைல நூல் வெச்சுப் பிடிச்சுப் பாருங்க, நூல் வடக்கால ஏறி சீனா, சைபீரியா எல்லாம் தாண்டி அலாஸ்கா பக்கமா இறங்கும். அதுதான் குறுக்கு வழி. பெரிய ஜெட் விமானம் மணிக்கு சுமாரா 900 கிலோமீட்டர் வேகத்துல போகும், அப்படிப் பார்த்தா 15 மணி நேரம் சொச்சம், மேல ஏற, கீழ இறங்க, ரன்வேல காத்திருக்கன்னு சேர்த்தா 16, 17.

ஆனா யாரும் அந்த நூல் மேலயே பறக்கறதில்ல. ரெண்டு காரணம். ஒண்ணு காத்து. உயரத்துல மேற்குல இருந்து கிழக்கால ஒரு பலமான காத்து ஓடிட்டே இருக்கும், குளிர்காலத்துல இன்னும் பலமா இருக்கும். டோக்கியோல இருந்து சான் பிரான்சிஸ்கோ போக 9, 9 அரை மணி நேரம் ஆகற இடத்துல திரும்பி வர 11 மணி நேரம் ஆகறது இதனாலதான். ரெண்டாவது வான்வெளி. 2022ல இருந்து ரஷ்யா மேல ஐரோப்பிய, அமெரிக்க விமானங்கள் போறதில்ல. 2025 ஏப்ரல்ல இருந்து பாகிஸ்தான் மேல இந்திய விமானங்களுக்கு வழி அடைச்சாங்க, அதனால டெல்லில இருந்து வட அமெரிக்கா போற சிலது நடுவுல வியன்னால இறங்கி எரிபொருள் போட்டுக்கிட்டுப் போச்சு. 2025 ஜூன்ல கத்தார் வான்வெளியை கொஞ்ச நேரம் மூடினதுக்கே எவ்ளோ பேர் வழில மாட்டினாங்கன்னு தெரியும். அதனால போன வருஷம் போய்ட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்ற நேரத்தை நம்பாதீங்க, நீங்க டிக்கெட் எடுக்கற அன்னிக்கு என்ன நிலவரம்னு பாருங்க. நேரடி விமானம் இருக்கா இல்லையாங்கறதும் சீசனுக்கு சீசன் மாறுது, அதையும் அன்னிக்கே பார்த்துக்கோங்க.

2. தேதிக் கணக்கை பேப்பர்ல எழுதிப் பாருங்க

நம்ம ஊருக்கும் கலிபோர்னியாவுக்கும் வித்தியாசம் வெயில் காலத்துல 12 மணி 30 நிமிஷம், குளிர்காலத்துல 13 மணி 30 நிமிஷம். அங்க மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க, நவம்பர் மொதல் ஞாயித்துக்கிழமை திருப்பி வெப்பாங்க. நாம தள்றதில்ல.

உதாரணத்துக்கு ஜூன் 10ஆம் தேதி விடிகாலை 2.30க்கு இங்க கிளம்பி மொத்தம் 22 மணி நேரப் பயணம்னு வைங்க. அங்க போய் இறங்கறப்போ அதே 10ஆம் தேதி மத்தியானம் 12 மணி. டிக்கெட்டைப் பார்த்தா 9 அரை மணி நேரம்தான் ஆகற மாதிரி தெரியும், அம்மா ரொம்ப சந்தோஷப்பட்டாங்க, அப்புறம் உக்கார வெச்சு விளக்க வேண்டியதா போச்சு. திரும்பி வர்றப்போ நேர் எதிர். 20ஆம் தேதி ராத்திரி 11 மணிக்கு அங்க ஏறினா 23 மணி நேரப் பயணத்துக்கு இங்க 22ஆம் தேதி காலைல 10.30க்கு இறங்குவாங்க. நடுவுல 21ஆம் தேதி காணாமப் போயிடும். அன்னிக்கு வீட்ல கல்யாணம், திதி ஏதாவது இருந்தா மொதல்லயே பார்த்துக்கோங்க.

இதுல எல்லாரும் மாட்டற இடம் ஒண்ணு இருக்கு. டிக்கெட்ல 10ஆம் தேதி 02.30னு இருந்தா நீங்க வீட்ல இருந்து கிளம்ப வேண்டியது 9ஆம் தேதி சாயங்காலம். இங்க இருந்து போற வெளிநாட்டு விமானம் நிறைய நடுராத்திரி தாண்டிதான் கிளம்புது, அதனால 10ஆம் தேதி ராத்திரி பெட்டியோட போய் நின்னு விமானம் நேத்தே போயிடுச்சுன்னு தெரிஞ்சுக்கற குடும்பங்கள் நிஜமாவே இருக்கு. காலண்டர்ல 9ஆம் தேதி கட்டத்துல "ஏர்போர்ட், ராத்திரி"ன்னு பெருசா எழுதி ஒட்டிடுங்க.

3. எந்த வழியா போறதுன்னு முடிவு பண்ணுங்க

நடுவுல ஒரு இடத்துல மட்டும் மாறுற வழியா தேடுங்க, ரெண்டு இடத்துல மாறுறது வயசானவங்களுக்கு வேண்டவே வேண்டாம். முக்கியமான வழிகள் இவை, நேரம் எல்லாம் சுமார்தான்.

டோக்கியோ வழி: இங்க இருந்து 6,700 கிலோமீட்டர், 8 மணி நேரம். அங்க இருந்து 8,200 கிலோமீட்டர், 9 அரை மணி நேரம். காத்திருக்கற நேரம் சேர்த்து 20, 21 மணில முடியலாம். தூரத்துலயும் நேரத்துலயும் இதுதான் கம்மி.

ஹாங்காங் வழி: 3,950 கிலோமீட்டர், அப்புறம் 11,100. சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு.

சிங்கப்பூர் வழி: இங்க இருந்து நாலரை மணி நேரம்தான், ஆனா அங்க இருந்து 13,600 கிலோமீட்டர், 15 மணி நேரத்துக்கு மேல ஒரே உக்காரல். திரும்பறப்போ அது 17 மணி நேரம் வரைக்கும் இழுக்கும். அங்க சாங்கி ஏர்போர்ட்ல தமிழ்லயே போர்டு இருக்கும், தமிழ் பேசற ஆளும் கிடைப்பாங்க, இங்கிலீஷ் வராத பெத்தவங்களுக்கு இது எவ்ளோ பெரிய தைரியம்னு அனுப்பிப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்.

துபாய் வழி: 2,700 கிலோமீட்டர், 4 மணி நேரம். அப்புறம் 13,000 கிலோமீட்டர், 16 மணி நேரம்.

பிராங்பர்ட் இல்ல லண்டன் வழி: ரெண்டுமே கிட்டத்தட்ட நடுவுல பிரியும், 10, 11 மணி நேரம் ரெண்டு தடவை. மொத்த தூரம் 16,500 கிலோமீட்டருக்கு மேல, காத்திருக்கறதோட 24 மணி நேரம்.

என் அபிப்பிராயம் கேட்டீங்கன்னா முட்டி வலி, சுகர் இருக்கறவங்களுக்கு 16 மணி நேரம் ஒரே சீட்ல உக்காரறதை விட பத்து பத்தா பிரிஞ்ச வழி நல்லது, மொத்தத்துல ரெண்டு மணி நேரம் கூட ஆனாலும் பரவாயில்ல. நடுவுல இறங்கி நடந்து ஒரு காபி குடிச்சு கால் வீக்கம் இறங்கி ஏறுவாங்க. நல்லா நடக்கறவங்க, ஆனா விமானம் மாறத்தான் பயம்னு சொல்றவங்களுக்கு நேரடி கிடைச்சா அதையே எடுங்க.

4. நடுவுல எவ்ளோ நேரம் விடணும்

ஒரு ஏஜெண்ட் எங்களுக்கு 55 நிமிஷ கனெக்ஷன் ஒண்ணு காமிச்சு "சட்டப்படி இது செல்லும் சார், ஒரே டிக்கெட்தான்"னு சொன்னார். செல்லும்தான், ஆனா வீல்சேர்ல போறவங்க எல்லாரும் இறங்கின பிறகுதான் இறங்க முடியும், அதுக்கே அரை மணி நேரம் போயிடும், அப்புறம் மறுபடி செக்யூரிட்டி, டெர்மினல் மாற ரயில். பெரியவங்களுக்கு ரெண்டரைல இருந்து நாலு மணி நேரம் சரியா இருக்கும். அதுக்கு மேல 8, 10 மணி நேரம்னா நாற்காலில சுருண்டு படுக்கற நிலைமை, அது வேண்டாம்.

இன்னும் மூணு விஷயம் இதுல கவனமா பார்க்கணும்.

சில தளங்கள்ல 15,000, 20,000 கம்மியா ஒரு டிக்கெட் வரும், உள்ள பார்த்தா ரெண்டு தனித்தனி டிக்கெட்டை ஒட்டி வெச்சிருப்பாங்க, "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்"னு சின்ன எழுத்துல இருக்கும். அப்படின்னா நடுவுல பெட்டியை எடுத்து, அந்த நாட்டுக்குள்ள நுழைஞ்சு, திரும்ப செக்-இன் பண்ணணும், அதுக்கு அந்த நாட்டு விசா கேக்கலாம். மொதல் விமானம் லேட்டாகி ரெண்டாவது போயிடுச்சுன்னா யாரும் பொறுப்பு இல்ல. பெத்தவங்களுக்கு இதை எடுக்கவே எடுக்காதீங்க. ஒரே பிஎன்ஆர், பெட்டி இங்கயே கடைசி ஊர் வரைக்கும் டேக் ஆகணும்.

ஜெர்மனில அமெரிக்க விசா கைல இருந்தா சர்வதேச பகுதிக்குள்ளயே மாறிப் போக தனி விசா வேண்டாம். ஆனா ஐரோப்பால ரெண்டு ஏர்போர்ட் வர்ற மாதிரி, இப்போ பிராங்பர்ட்ல இறங்கி முனிக் போய் அங்க இருந்து அமெரிக்கான்னு இருந்தா, அது ஷெங்கன் பகுதிக்குள்ள (ஒரே விசால போற ஐரோப்பிய நாடுகள்) நுழையற மாதிரி ஆயிடும், ஷெங்கன் விசா இல்லாம இங்க செக்-இன் கவுண்டர்லயே ஏத்த மாட்டாங்க. டிக்கெட் தளம் இதைச் சொல்லாது.

அமெரிக்காக்குள்ளயே சிகாகோ, நியூயார்க்னு இறங்கி மாறுற டிக்கெட்டா இருந்தா இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் அந்த மொதல் ஊர்லயே முடியும். பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி பெல்ட்ல போட்டு, செக்யூரிட்டி போய், உள்நாட்டு டெர்மினலுக்கு ஓடணும். இதுக்கு மூணு மணி நேரம் குறைஞ்சபட்சம், நாலு இருந்தா நிம்மதி.

5. பேரும் டாக்குமெண்ட்டும்

நம்ம ஆளுங்களுக்கு இருக்கற பெரிய தலைவலி பேர்தான். அப்பாவுக்கு பாஸ்போர்ட்ல சர்நேம் காலி, கிவன் நேம்ல ஒரே பேர். அப்படி இருக்கறவங்களுக்கு அமெரிக்க விசால அந்தப் பேர் சர்நேம் இடத்துல போய் உக்காந்து, கிவன் நேம் இடத்துல எஃப்என்யூன்னு வரும். அது தப்பு இல்ல, பயப்பட வேண்டாம், முதல் பேர் தெரியாதுன்னு அவங்க போடற குறி. ஆனா விமான டிக்கெட்ல சர்நேம் இல்லாம புக் ஆகாது, ஒவ்வொரு ஏர்லைனும் அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கு, சிலது அதே பேரை ரெண்டு தடவை போடச் சொல்லும், சிலது எஃப்என்யூவே போடச் சொல்லும். காசு கட்டறதுக்கு முன்னாடி ஏர்லைன் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு கேட்டு அப்படியே போடுங்க. இனிஷியலை நீங்களா விரிச்சு எழுதிடாதீங்க, பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அதுதான்.

விசா கைக்கு வராம டிக்கெட் எடுக்காதீங்க. விசிட்டர் விசா கட்டணம் 185 டாலர், கிடைக்கலன்னாலும் திரும்ப வராது. பெங்களூருல இருந்து பெரும்பாலும் சென்னை இல்ல ஐதராபாத் போய்தான் நேர்காணல் குடுக்கணும், சென்னைல தமிழ்லயே பதில் சொல்லலாம். 2025 செப்டம்பர்ல இருந்து ரொம்ப வயசானவங்களுக்கு இருந்த நேர்காணல் விலக்கையும் எடுத்துட்டாங்க. நேர்காணல் தேதி கிடைக்கவே மாசக்கணக்கா ஆகும், அங்க பேரன் பேத்தி பொறக்கப் போகுதுன்னா சேதி தெரிஞ்ச அன்னிக்கே விசா வேலையை ஆரம்பிங்க.

பழைய பாஸ்போர்ட்ல இருக்கற 10 வருஷ விசா, பாஸ்போர்ட் முடிஞ்சாலும் செல்லும், ரெண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போகணும். பழசை பீரோல வெச்சுட்டுப் போனா கதை முடிஞ்சது.

ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல பேப்பரா இதெல்லாம் போட்டு கைப்பைல வைங்க: பாஸ்போர்ட், போக வர டிக்கெட், அங்க தங்கற விலாசம், போன் நம்பர், இன்சூரன்ஸ், டாக்டர் சீட்டு, கொஞ்சம் டாலர். போன்ல இருக்கேன்னு விடாதீங்க, சார்ஜ் போயிடும். கூடவே ஒரு தாள்ல தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் "எனக்கு தமிழ் மட்டும்தான் தெரியும், நான் இந்த விமானத்துக்குப் போகணும், உதவி பண்ணுங்க"ன்னு விமான நம்பரோட எழுதி குடுத்தேன், அப்பா அதை சட்டைப் பைல வெச்சுட்டே போனார்.

6. செலவு

நான் பார்த்த வரைக்கும் சாதாரண சீசன்ல போக வர ஒருத்தருக்கு ஒரு லட்சத்தை ஒட்டி வருது, மே ஜூன்லயும் டிசம்பர்லயும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிடும். மூணு நாலு மாசம் முன்னாடியே பார்க்க ஆரம்பிங்க, செவ்வாய் புதன்ல கிளம்பற மாதிரி தேதியை மாத்தி மாத்திப் பாருங்க. தேதி மாத்த எவ்ளோ கட்டணம்னு பார்த்து எடுங்க, ஏன்னா பெத்தவங்க டிக்கெட்ல தேதி மாறாம இருந்ததா நான் கேள்விப்பட்டதே இல்ல. மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டாயம் இல்ல, ஆனா அங்க ஆஸ்பத்திரி செலவு தெரிஞ்சா யாரும் அது இல்லாம அனுப்ப மாட்டாங்க. பழைய நோய்க்கு எவ்ளோ தருவாங்கங்கறதை மட்டும் வரி விடாம படிங்க.

வீல்சேருக்கு காசு இல்ல. டிக்கெட் எடுக்கறப்பவே கேட்டுடுங்க, கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மறுபடி போன் பண்ணி உறுதி பண்ணுங்க. நிஜமாவே நடக்க முடியாதவங்க நிறைய பேர் காத்துட்டு இருப்பாங்க, அதனால தேவை இருந்தா மட்டும் கேளுங்க.

7. வீட்ல இருந்து தேவனஹள்ளி ஏர்போர்ட் வரைக்கும்

14,000 கிலோமீட்டர்ல நம்ம கைல இருக்கறது இந்த 40 கிலோமீட்டர்தான், அதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. எலக்ட்ரானிக் சிட்டில இருந்து சாயங்காலம் கிளம்பினா சில்க் போர்டு, அவுட்டர் ரிங் ரோடு, ஹெப்பால்னு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், மழை வந்தா மூணு. பானஸ்வாடி, கம்மனஹள்ளி பக்கம் இருக்கறவங்க ஹென்னூர் பாகலூர் ரோடு வழியா போனா ஹெப்பாலைத் தவிர்க்கலாம். வாயு வஜ்ரா பஸ் நல்லா இருக்கும், மெஜஸ்டிக்ல இருந்து கேஐஏ 9, எலக்ட்ரானிக் சிட்டில இருந்து கேஐஏ 8, ஆனா ரெண்டு பெரிய பெட்டியோட வயசானவங்கன்னா டாக்ஸிதான் சரி.

வெளிநாட்டு விமானம் எல்லாம் இப்போ டெர்மினல் 2. விமான நேரத்துக்கு நாலு மணி நேரம் முன்னாடி அங்க நிக்கணும், அமெரிக்கா போறவங்களுக்கு டாக்குமெண்ட் செக் தனியா ஒண்ணு நடக்கும். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரில இருந்து வர்றவங்க அன்னிக்கே கிளம்பி நேரா ஏர்போர்ட் போற பிளான் போடாதீங்க. அத்திப்பள்ளில ஒரு லாரி நின்னா போதும். முந்தின நாளே வந்து தங்கி, மத்தியானம் நல்லா தூங்கி எழுந்து போகட்டும்.

8. பெட்டியும் உடம்பும்

அமெரிக்க வழில பெரும்பாலும் ஆளுக்கு 23 கிலோ ரெண்டு பெட்டி. பெட்டிக்கு பெட்டி தனிக் கணக்கு, ஒண்ணு 26 இன்னொண்ணு 20னு இருந்தா கவுண்டர்ல பிரிச்சு அடுக்கச் சொல்லுவாங்க. அம்மாக்கள் மறைச்சு வெக்கற கருவேப்பிலையை எடுத்துடுங்க, அங்க பச்சை கருவேப்பிலைக்கு அனுமதி இல்ல, எலுமிச்சை ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும்னு தடை. பழம், இறைச்சி கூடாது. பொடி, ஊறுகாய், முறுக்கு போகும், ஆனா சாப்பாட்டுப் பொருள் இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்லணும். கொப்பரையை செக்-இன் பெட்டில போடக் கூடாது, எண்ணெய் இருக்கறதால தீப்பிடிக்கும்னு இங்கயே எடுத்துடுவாங்க. பவர் பேங்க் கைப்பைல மட்டும்.

மருந்து முழுக்க கைப்பைல, டாக்டர் சீட்டோட. பகலும் ராத்திரியும் தலைகீழா மாறுறதால சுகர் மாத்திரை, இன்சுலின் எந்த நேரத்துல போடணும்னு கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்குங்க. இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. சீட் பாத்ரூம் பக்கம் நடைபாதை ஓரமா எடுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லுங்க, தண்ணி குடிக்காம இருந்துடுவாங்க பாத்ரூம் போகணுமேன்னு, அது கூடாது. சைவ சாப்பாடு டிக்கெட்ல முன்னாடியே குறிக்கணும், ரெண்டு விமானத்துக்கும் தனித்தனியா ஏறியிருக்கான்னு பாருங்க.

9. அங்க இறங்கினதும்

இமிக்ரேஷன் வரிசை அரை மணி நேரத்துல முடியலாம், ரெண்டு மணி நேரமும் ஆகலாம், அழைக்க வர்றவங்ககிட்ட அதைச் சொல்லி வைங்க, இல்லன்னா வெளிய நிக்கறவங்க பதறிடுவாங்க. எங்க தங்கறீங்க, எவ்ளோ நாள், யாரைப் பார்க்க வந்தீங்க, இவ்வளவுதான் கேப்பாங்க. உள்ளதைச் சுருக்கமா சொன்னா போதும். குழந்தையைப் பார்த்துக்க வேலைக்கு வந்தேன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேச வேண்டாம், மகளையும் பேரனையும் பார்க்க வந்தேன், அதுதானே உண்மை. எத்தனை நாள் தங்கலாம்ங்கறது விசால இருக்கற தேதி இல்ல, அன்னிக்கு குடுக்கற ஐ-94ங்கற நுழைவுப் பதிவுல இருக்கற தேதி, சாதாரணமா ஆறு மாசம். ரெண்டு நாள் கழிச்சு அதை ஆன்லைன்ல எடுத்து பிரிண்ட் போட்டு வைங்க.

அங்க இருந்து சன்னிவேல், சான் ஹோசே பக்கம் 40, 50 கிலோமீட்டர் வரும், சாயங்கால டிராஃபிக்ல ஒன்றரை மணி நேரம்.

10. திரும்பி வர்ற டிக்கெட்

ஐ-94 தேதிக்கு ரெண்டு வாரமாவது முன்னாடி இருக்கற மாதிரி திரும்பற தேதியை வைங்க, கடைசி நாள்ல விமானம் ரத்தானா சிக்கல். எதிர்க்காத்து இருக்கறதால பசிபிக் வழியா திரும்பறப்போ ஒன்றரை ரெண்டு மணி நேரம் கூட ஆகும், ஐரோப்பா வழின்னா மொதல் பாதி கொஞ்சம் சீக்கிரம் முடியும். இங்க நடுராத்திரி 1, 2 மணிக்கு இறங்கற டிக்கெட்டைவிட காலைல இறங்கறது நல்லது, ராத்திரின்னா பெட்டி எடுத்து வெளிய வர்றதுக்குள்ள மூணு மணி ஆயிடும், அப்புறம் சேலத்துக்கு நாலு மணி நேரம் தூக்கக் கலக்கத்துல யாரும் கார் ஓட்டக் கூடாது. ஒரு நாள் பெங்களூருலயே தங்க வெச்சு, சாம்பார் சாதம் போட்டு, மறுநாள் பகல்ல அனுப்புங்க.